பெயர் சொல்லாத ஆண்டு

திருவொற்றியூர் தொழிற்சாலையில் பிறந்த ஒரு புல்லட்டின் பெட்ரோல் டாங்கில் எழுதியிருக்கும் பெயரை வைத்து, அது எந்த ஆண்டு வண்டி என்று சொல்லிவிட முடியாது. 1956லும் அது புல்லட்தான், 2006லும் புல்லட்தான். ‘350’ என்ற எண்ணும் அத்தனை காலமும் கூடவே வந்தது. அமெரிக்காவில் 1960களில் சக்கைபோடு போட்ட ‘மஸில் கார்’ ரசிகர்களின் பேச்சு இதற்கு நேர் எதிர். ‘64 ஜி.டி.ஓ.’, ‘69 சார்ஜர்’ என்று ஆண்டைச் சொல்லாமல் அவர்கள் பெயரை உச்சரிப்பதே இல்லை. ஆண்டு அங்கே பெயரின் பாதி. நம் ஊர் மெக்கானிக்கோ ‘காஸ்ட் அயர்ன் புல்லட்’, ‘பாயிண்ட் வண்டி’, ‘செல்ஃப் வண்டி’ என்று பாகத்தைச் சொல்லித்தான் வண்டியைப் பிரிக்கிறார். பார்த்தால் அமெரிக்க முறை துல்லியமானது, நம் முறை குத்துமதிப்பானது என்று தோன்றும். உண்மை தலைகீழ் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். பெயரும் அதோடு ஒட்டிய எண்ணும் விற்பனைக்காக வைக்கப்படுபவை. ஆண்டு உலோகத்தில் பதிந்திருப்பது. இரண்டும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஓர் இயந்திரத்தின் வயதை அறிய நம்பத்தக்க வழி, அந்த மெக்கானிக் செய்வதைப்போலப் பாகங்களின் காலவரிசையைப் படிப்பதுதான்.

இது பழைய வண்டி வைத்திருப்பவர்களின் பொழுதுபோக்குக் கேள்வி மட்டும் அல்ல. 2021ல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு ‘விண்டேஜ்’ என்று தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், பெரிய மாற்றங்கள் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஆக, ‘இது எந்த ஆண்டு வண்டி, எது அசல்?’ என்ற கேள்விக்குச் சட்டத்திலும் பணத்திலும் விலை வந்துவிட்டது.

ஆண்டைப் பெயரோடு ஒட்டும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்கலாம். ஹென்றி ஃபோர்டின் மாடல் டி 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் விற்றது. அதில் ஆண்டுதோறும் புதுமை என்ற பேச்சே இல்லை. அதை வீழ்த்த ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்ஃபிரட் ஸ்லோன் 1920களில் கையாண்ட உத்திகளில் முக்கியமானது, ஆண்டுக்கு ஒரு மாற்றம். என்ஜின் அதேதான் இருக்கட்டும், முகப்பும் வண்ணமும் மாறினால் போதும். போன வருடம் வாங்கியவருக்குத் தன் கார் பழையதாகிவிட்டதே என்ற உறுத்தல் வந்துவிடும். இப்படிப் பிறந்த ‘மாடல் ஆண்டு’ நாட்காட்டி ஆண்டும் அல்ல. ஓர் ஆண்டின் மாடல் முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே கடைக்கு வந்துவிடும். 1968 செப்டம்பரில் செய்யப்பட்ட கார் 1969 மாடலாக விற்கும். ஆகவே, உற்பத்தி ஆண்டையும் மாடல் ஆண்டையும் பிரித்தது உலகத்திலேயே ஒழுங்கான கணக்கு வைத்திருந்ததாகப் பெயர்பெற்ற அமெரிக்கத் தொழில்தான்.

இதன் விளைவுகள் வேடிக்கையானவை. ஃபோர்டு மஸ்டாங்கின் உற்பத்தி 1964 மார்ச் 9ல் தொடங்கியது. ஏப்ரல் 17ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகம் ஆனது. அப்போது 1964 மாடல் பருவம் பாதி கடந்திருந்தது. ரசிகர்கள் அந்த முதல் கார்களை ‘1964½’ என்று அழைக்கிறார்கள், அந்தப் பெயருக்குத் தனி விலையும் உண்டு. ஆனால் அந்தக் கார்களின் அடையாள எண் 5ல் தொடங்குகிறது. ஃபோர்டின் கணக்கில் அவை எல்லாமே 1965 மாடல். 1964½ என்று ஒரு மாடல் தொழிற்சாலை ஏட்டில் இல்லவே இல்லை. போன்டியாக் ஜி.டி.ஓ.வின் கதை வேறு. நடுத்தர அளவு கார்களில் பெரிய என்ஜின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிர்வாகம் தடை போட்டிருந்தது. போன்டியாக் பொறியாளர்கள் 389 கன அங்குல என்ஜினை 1964 டெம்பெஸ்ட் காரின் கூடுதல் வசதிப் பட்டியலில் நுழைத்துத் தடையைத் தாண்டினார்கள். 1966ல்தான் ஜி.டி.ஓ. தனி மாடல் ஆனது. மஸில் காரின் மூத்த பிள்ளை என்று போற்றப்படும் 1964 ஜி.டி.ஓ., முறைப்படி பார்த்தால் ஒரு மாடலே அல்ல, ஒரு வசதித் தொகுப்பு.

பெயரில் உள்ள எண்கள் இன்னும் மோசம். ஓல்ட்ஸ்மொபைல் 4-4-2 அறிமுகமான 1964ல் அந்த எண்களுக்கு நான்கு வாய் கார்புரேட்டர், நான்கு கியர், இரட்டைப் புகைபோக்கி என்று விளக்கம் சொன்னார்கள். மறு ஆண்டே 400 கன அங்குல என்ஜினும் தானியங்கி கியரும் வந்தன. உடனே முதல் 4க்கு ‘400 கன அங்குலம்’ என்று புது விளக்கம் வந்தது. பெயர் அசையவில்லை, பொருள்தான் நகர்ந்தது. 1970 ஷெவெல் எஸ்.எஸ். 396ஐத் திறந்து அளந்தால் 402 கன அங்குலம் வரும். என்ஜின் பெரிதான பிறகும், நன்றாக விற்ற எண்ணைக் கைவிட ஷெவர்லேவுக்கு மனம் வரவில்லை.

வடசென்னையில் எண்களின் கதை இன்னும் சுவையானது, ஏனென்றால் ஒரே கடற்கரை வரிசையில் இரண்டு ‘350’கள் அடுத்தடுத்துப் பிறந்தன. எண்ணூரில் 1948ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், முதலில் ஆஸ்டின் ஏ40 கார்களைக் கோத்து விற்றது. 1950ல் இங்கிலாந்தின் லேலண்டோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. 1951ல் காமெட் 350 என்ஜின் பூட்டிய நான்கு டிப்பர் லாரிகள் மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலைக்குப் போயின. நிறுவனம் அசோக் லேலண்ட் ஆனது அதன் பிறகுதான். அதே சாலையில் தெற்கே, திருவொற்றியூரில், என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட் 350. லாரியின் 350 கன அங்குலக் கணக்கு, சுமார் 5.76 லிட்டர். புல்லட்டின் 350 கன சென்டிமீட்டர் கணக்கு, அதாவது லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம். எண் ஒன்று, கொள்ளளவில் பதினாறு மடங்குக்கு மேல் வேறுபாடு. அந்த லாரியின் 350ம் 1967 ஷெவர்லே கமேரோ எஸ்.எஸ்.ஸின் 350ம்தான் உண்மையில் ஒரே அளவு. ஆனால் கமேரோ நிமிடத்துக்கு 4,800 சுற்றில் 295 குதிரைத்திறன் என்று விளம்பரம் செய்தது. நிதானமாகச் சுற்றும் லேலண்ட் டீசல் அதில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம் தந்தது. திறன் என்பது முறுக்கு விசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. பெயரில் உள்ள எண் உருளையின் கொள்ளளவை மட்டும் சொல்கிறது, அதையும் எந்த அலகில் என்று சொல்லாமல் விடுகிறது.

புல்லட்டின் 350ஐயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய என்ஜினின் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 90 மி.மீ. ஆரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்தால் 3.5. 3.5 × 3.5 × 3.1416 × 9 = 346. ஆக அது 350 அல்ல, 346 சி.சி. 1949ல் இங்கிலாந்தின் ரெடிட்ச் ஆலையிலிருந்து வந்த புல்லட்டிலும் இதே அளவுதான். 2010ஐ ஒட்டி என்ஜினும் கியர் பெட்டியும் ஒரே கூட்டுக்குள் வந்த ‘யூ.சி.இ.’ என்ஜினிலும் இதே அளவுதான். 2023ல் புல்லட்டுக்கு வந்த ‘ஜே’ வரிசை என்ஜினில் விட்டம் 72, ஓட்டம் 85.8 மி.மீ. கணக்குப் போட்டால் 349 சி.சி. இந்த ஒரு சிறு மாற்றத்துக்குள் எழுபது ஆண்டுக் கதை அடங்கியிருக்கிறது. தள்ளுகோல்கள் போய், வால்வுகளைத் தலையிலிருக்கும் கேம் தண்டு இயக்கத் தொடங்கியது. பழைய என்ஜினின் எந்தப் பாகமும் புதியதில் பொருந்தாது. டாங்கில் மட்டும் அதே பெயர், அதே எண்.

பெயர் எப்படி இயந்திரத்தை விட்டுத் தனியே பயணம் போகிறது என்பதற்கு ராயல் என்ஃபீல்டின் வரலாற்றைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. இங்கிலாந்தின் ரெடிட்ச் ஊரில் புல்லட் என்ற பெயர் 1932லேயே வந்துவிட்டது. அது சாய்ந்த சிலிண்டர் கொண்ட வேறு வண்டி. நாம் அறிந்த புல்லட்டின் மூதாதை, பின்சக்கரத்துக்கும் சஸ்பென்ஷனோடு 1949ல் விற்பனைக்கு வந்தது. எல்லைக் காவலுக்கு அது ஏற்றது என்று இந்திய ராணுவம் கருதி, மெட்ராஸ் மோட்டார்ஸ் வழியாக வரவழைத்தது. 1955ல் ரெடிட்ச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை அமைத்தன. அடுத்த ஆண்டு திருவொற்றியூரில் ஆலை இயங்கத் தொடங்கியது. முதலில் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன, இங்கே கோத்தார்கள். 1957ல் பாகங்களைச் செய்வதற்கான கருவிகளும் அச்சுகளும் வந்தன. 1962 வாக்கில் முழு வண்டியும் இங்கேயே உருவானது. 1967ல் ரெடிட்ச் ஆலை மூடியது, 1970ல் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றது. 1977ல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆனது. 1994ல் ஐஷர் குழுமம் பொறுப்பேற்ற பின் நிறுவனத்தின் பெயர் ராயல் என்ஃபீல்டு மோட்டார்ஸ் ஆனது.

இந்தப் பாதையில் மற்ற பெயர்களும் உடல் மாறின. ரெடிட்சின் குரூசேடர் 250 சி.சி. ஃபோர்-ஸ்ட்ரோக். என்ஃபீல்டு இந்தியாவின் குரூசேடர் 175 சி.சி. டூ-ஸ்ட்ரோக். ‘மினி புல்லட்’ என்று விற்ற 200 சி.சி. வண்டிக்கும் புல்லட்டுக்கும் பெயரைத் தவிர உறவு கிடையாது, அதுவும் டூ-ஸ்ட்ரோக்தான். ரெடிட்சின் மீட்டியார் 1952ல் 692 சி.சி. இரட்டைச் சிலிண்டர். 2020ல் வந்த மீட்டியார் 349 சி.சி. ஒற்றைச் சிலிண்டர். கான்டினென்டல் ஜி.டி. என்ற பெயர் 1960களில் 250 சி.சி.யிலும், 2013ல் 535 சி.சி.யிலும், 2018ல் 648 சி.சி.யிலும் ஒட்டப்பட்டது. இன்டர்செப்டர் 650 அமெரிக்காவில் ‘ஐ.என்.டி. 650’ என்ற பெயரில் விற்கிறது, ஏனென்றால் அங்கே இன்டர்செப்டர் என்ற பெயர் ஹோண்டாவின் சொத்து. ஒரே ஆலையில் ஒரே நாளில் செய்த இரு வண்டிகள் போகும் ஊரைப் பொறுத்து இரண்டு பெயர் பெறுகின்றன என்றால், பெயரில் இயந்திரத்தைப் பற்றிய தகவல் எவ்வளவு இருக்கும்?

இங்கே ஒரு மறுப்பு எழும். ‘அமெரிக்காவில் ஆண்டுதோறும் மாற்றினார்கள், அதனால் ஆண்டு தேவைப்பட்டது. புல்லட்டில் எதுவும் மாறவில்லை, அதனால் ஆண்டு தேவைப்படவில்லை. இதில் என்ன புதிர்?’ முதல் பாதி சரி. பாகங்களை வார்க்கவும் கடையவும் தேவையான அச்சுகளுக்கும் கருவிகளுக்கும் போட்ட பணம், வண்டியின் எண்ணிக்கையால் வகுபட்டுத்தான் திரும்பும். லட்சக்கணக்கில் விற்ற டெட்ராய்ட் ஓர் அச்சை இரண்டு, மூன்று ஆண்டுகளில் தூக்கி எறிய முடிந்தது. உற்பத்தி அளவுக்கே உரிமம் வாங்க வேண்டியிருந்த காலத்தில், ராணுவமும் காவல்துறையும் நிலையான வாடிக்கையாளராக இருக்க, திருவொற்றியூர் அதைச் செய்யக் காரணமே இல்லை. இரண்டாம் பாதிதான் தவறு. புல்லட் மாறாமல் இல்லை, சொல்லாமல் மாறியது. ஆறு வோல்ட் மின்சாரம் பன்னிரண்டு வோல்ட் ஆனது. முன்சக்கர டிரம் பிரேக் டிஸ்க் ஆனது. வலது காலில் இருந்த கியர் இடது காலுக்குப் போனது. வார்ப்பிரும்புச் சிலிண்டர் அலுமினியம் ஆனது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் மாறவில்லை.

அப்படிச் சொல்லாமல் நடந்த மாற்றம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஹெட்லைட் மேல் இருக்கும் ஆம்மீட்டர் ஒன்றே போதும். பாயிண்ட் வண்டியைக் கிளப்புகிறவர் முதலில் சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாக அழுத்தியபடி ஆம்மீட்டர் முள்ளைக் கவனிப்பார். பாயிண்ட் மூடியிருக்கும்போது பேட்டரியிலிருந்து காயிலுக்கு மின்சாரம் ஓடும், முள் கழித்தல் பக்கம் சாயும். பாயிண்ட் திறந்ததும் மின்சாரம் அறுபடும், முள் நடுவுக்கு வரும். பாயிண்டைத் திறக்கும் கேம், என்ஜின் இரண்டு முறை சுற்றினால் ஒரு முறைதான் சுற்றும். எனவே முள் நடுவுக்கு வரும் அந்தக் கணம், பிஸ்டன் அழுத்த ஓட்டத்தின் உச்சியை நெருங்கிவிட்டது என்பதற்கு அடையாளம். அப்போது இடது கைப்பிடியில் உள்ள டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துப் பிஸ்டனை உச்சிக்குச் சற்றே அப்பால் தள்ளி, லீவரை விட்டு, ஒரே மிதி. உச்சிக்கு முன்பே தீப்பொறி விழுந்து கிக்கர் காலைத் திருப்பி அடிக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. 2000களின் தொடக்கத்தில் புல்லட் எலெக்ட்ரா மாடலோடு பாயிண்டுக்குப் பதில் மின்னணு சி.டி.ஐ. வந்தது. மூடித் திறக்கும் பாயிண்டே இல்லாத வண்டியில் முள் இப்படி ஆடிக் காட்டாது. வண்டியைக் கிளப்பும் முறையே ஒரு காலக் குறியீடு.

இன்னொரு மறுப்பு: ‘ஆர்.சி. புத்தகத்தில் உற்பத்தி ஆண்டு இருக்கிறதே, இத்தனை ஆராய்ச்சி எதற்கு?’ புது வண்டிக்கு இது போதும். பழைய வண்டிக்குப் போதாது. ராணுவம் கண்டம் செய்து ஏலம் விட்ட புல்லட் பல ஆண்டுகள் கழித்துத்தான் பொதுமக்கள் பெயரில் பதிவுக்கு வரும். பதிவு ஆண்டு ஒன்று, பிறந்த ஆண்டு வேறு. அதோடு, ஆர்.சி. இரண்டு எண்களுக்குத்தான் சாட்சி: என்ஜின் எண், சேஸிஸ் எண். அந்த எண்களுக்கு வெளியே வண்டியில் என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. 17 இடங்கள் கொண்ட அடையாள எண் வந்த பின்னும் நிலை முழுக்க மாறவில்லை. அமெரிக்காவில் 1981 முதல் பத்தாவது இடம் மாடல் ஆண்டைக் குறிக்கிறது. அந்த எழுத்து வரிசை முப்பது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். இந்திய எண்களில் ஆண்டுக்கும் மாதத்துக்கும் குறியீடு உண்டு, ஆனால் அதன் இடம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். திறவுகோல் இல்லாமல் அந்தப் பூட்டு திறக்காது.

மூன்றாவது மறுப்புதான் வலுவானது. ‘பாகங்களை நம்பு என்கிறீர்கள். பாகங்களைத்தானே புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் மாற்றிக்கொள்ளலாம்? நாற்பது ஆண்டு வண்டிக்கு நேற்று வாங்கிய டிஸ்க் பிரேக் மாட்டினால் உங்கள் காலவரிசை என்னாகும்?’ தொல்லியலாளர்கள் புதையல் பானை ஒன்றைத் திறந்தால், அதிலுள்ள காசுகளில் மிகப் புதியது எது என்றுதான் முதலில் தேடுவார்கள். பானை அந்தக் காசுக்கு முன் புதைக்கப்பட்டிருக்க முடியாது. ஆனால் பானை பிறகு திறக்கப்பட்டதா என்று பார்க்காமல் அந்த முடிவுக்கு வர மாட்டார்கள். வண்டியிலும் அப்படியே. எளிதில் மாறும் பாகங்களுக்குச் சாட்சி மதிப்பு குறைவு: டாங்க், சீட், சைலன்சர், மீட்டர், பெயர்ப்பட்டை. மாற்றப் பெருஞ்செலவும் பெரு வேலையும் பிடிக்கும் பாகங்களுக்கு மதிப்பு அதிகம்: கிராங்க்கேஸ் வார்ப்பு, சேஸிஸ், கியர் பெட்டி தனியா, என்ஜினோடு ஒன்றா என்ற அமைப்பு. பெயர்ப்பட்டை முதல் பட்டியலில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு திருகுகளைக் கழற்றினால் மாறிவிடும் சாட்சியை எந்த நீதிமன்றமும் முதல் சாட்சியாக ஏற்காது. ஒரு பாகம் பொய் சொல்லலாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்து பாகங்கள் ஒரே காலத்தைச் சொன்னால் அந்தப் பொய்க்கு வாய்ப்பு மிகக் குறைவு.

அமெரிக்க விற்பனையாளன் செய்த வேலையை, அதாவது ஆண்டுக்கு எல்லை போடுவதை, இந்தியாவில் இப்போது சட்டம் செய்கிறது. இருசக்கர வண்டிகளுக்கு 2010 ஏப்ரலில் பி.எஸ். 3 என்ற புகை வரம்பு வந்தபோது வார்ப்பிரும்பு என்ஜினின் காலம் முடிந்தது. 2017 ஏப்ரலில் பி.எஸ். 4உம், என்ஜின் ஓடினாலே ஹெட்லைட் எரியும் ஏற்பாடும் வந்தன. 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லா வண்டிக்கும் 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்ததும் புல்லட் 350இன் கார்புரேட்டர் போய் எரிபொருளைத் தெளிக்கும் ஊசி வந்தது. கார்புரேட்டரும் ஏ.பி.எஸ்.உம் சேர்ந்திருக்கும் ஒரு புல்லட் 350 எந்தச் சிறு இடைவெளியில் பிறந்திருக்கும் என்பதை இனி வாசகரே சொல்லலாம். அமெரிக்கர்களுக்கும் இப்படிப்பட்ட சட்ட அடையாளங்கள் உண்டு. 1967 கமேரோவுக்கும் 1968 கமேரோவுக்கும் வேறுபாடு காண, பக்கவாட்டு விளக்கு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 1968ல் அது சட்டப்படி கட்டாயம் ஆனது. மாடல் ஆண்டைப் பெயரிலேயே வைத்திருப்பவர்களும் சந்தேகம் வந்தால் உலோகத்தையும் கண்ணாடியையும்தான் பார்க்கிறார்கள்.

அப்படியென்றால் புல்லட் என்ற பெயர் வெறும் ஏமாற்றா? இல்லை. அது ஒரு வம்சத்தின் பெயர், ஓர் உடலின் பெயர் அல்ல. வம்சப் பெயரை வைத்து ஒருவரின் பிறந்த தேதியைக் கேட்பதுதான் பிழை. அமெரிக்காவில் ஃபோர்டின் 1967 முதலான உற்பத்திப் பதிவுகளைக் கொண்டு, ஒரு மஸ்டாங் எந்த நாளில், எந்த வண்ணத்தில், எந்த என்ஜினோடு ஆலையை விட்டு வெளியேறியது என்று சான்று வாங்க முடிகிறது. திருவொற்றியூரின் ஒவ்வொரு புல்லட்டுக்கும், எண்ணூரின் ஒவ்வொரு காமெட்டுக்கும் அப்படி ஒரு ஏடு, கேட்டவர் எவரும் பார்க்கும்படி, பொதுவில் இருக்க வேண்டும். அதுவரை பழைய வண்டி வாங்குகிறவர்கள் டாங்கைப் பார்த்து விலை பேச வேண்டாம். குனிந்து கிராங்க்கேஸைப் பாருங்கள், எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள், பிறகு விலை பேசுங்கள்.